பேர் பெற்ற விஸ்கியும் பேய்ப் படமும்: ஊர் சொல்கிற அளவுக்கு இருக்கிறதா?

சாம்பல்நரி (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் ஒரே ராத்திரியில் இரண்டு ஏமாற்றம். அதைக் கொட்டத்தான் இந்த இழை.

நண்பன் ஒருவன் வருஷக்கணக்கில் அலைந்து பிடித்த பாப்பி வான் விங்கிள் 20 வருஷ போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியைத் திறந்தான். அதைப் பற்றி எத்தனை கதை கேட்டிருக்கிறோம்! 2013ல் ஆலையிலிருந்தே பாட்டில் பாட்டிலாகத் திருடு போய் தலைப்புச் செய்தி ஆன சரக்கு. ஒரு வாய் வைத்தேன். இனிப்பு இருந்தது, மரம் இருந்தது, அவ்வளவுதான். நண்பன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அட, சூப்பர்டா" என்றேன். பச்சைப் பொய்.

அப்புறம் எல்லாரும் உட்கார்ந்து தி எக்ஸார்சிஸ்ட் போட்டோம். 1973ல் வெளியானபோது தியேட்டரில் மயங்கி விழுந்தார்கள், பாதியில் எழுந்து ஓடினார்கள் என்று சொல்வார்களே, அந்தப் படம்தான். பேய் பிடித்த பெண்ணின் கழுத்து பின்பக்கம் திரும்புகிற இடத்தில் கூட்டத்தில் ஒருத்தன் சிரித்துவிட்டான். அவன் சிரிக்க, எல்லாரும் சிரித்தோம். அதோடு படம் போச்சு.

உண்மையைச் சொல்லுங்கள். ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடுகிற இந்த மாதிரி விஸ்கியும் படமும் அந்தப் பேருக்கு உரியவைதானா? இல்லை, பிடிக்கவில்லை என்று சொன்னால் ரசனை கெட்டவன் என்பார்களோ என்று எல்லாருமே என்னைப் போல "சூப்பர்" போட்டுக்கொண்டிருக்கிறோமா?

---

வெட்டியான்

மயங்கி விழுந்தவர்கள் படத்துக்கு முன்னாடியே உங்கள் நண்பரின் பாட்டிலைத் திறந்திருப்பார்கள்.

---

பீப்பாய்ப்பித்தன்

நரி, பாப்பி விஷயத்தில் உங்கள் நாக்கைக் குறை சொல்லாதீர்கள். அந்தப் பேரைச் சம்பாதித்தது ஒரு சரக்கு. இன்று அந்தப் பேரில் வருவது இன்னொரு சரக்கு.

போர்பன் என்றால் தானியத்தில் சோளம் குறைந்தது 51 சதவீதம், ஊறுவது உட்புறம் கரித்த புது ஓக் பீப்பாயில். சட்டமே அப்படி. சோளம், மால்ட் (முளைகட்டிய பார்லி) போக மிச்சத்துக்குப் பெரும்பாலோர் ரை என்ற தானியத்தைப் போடுவார்கள், அதனால் காரம் தூக்கும். வான் விங்கிள் குடும்பத்துச் சரக்கில் ரைக்குப் பதில் கோதுமை. அதனால் மெத்தென்று இறங்கும். அவர்கள் நடத்திய ஸ்டிட்ஸல்-வெல்லர் ஆலை கென்டக்கியில் 1935ல் திறந்தது. 1972ல் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. 1992ல் வடிப்பதே நின்றுபோனது. அந்தக் காலத்தில் போர்பனைச் சீந்துவாரில்லை. அருமையான பீப்பாய்கள் கேட்பாரற்றுக் கிடந்து வயது ஏறிக்கொண்டே போயின. 'பாப்பி' என்ற பேர் வளர்ந்ததில் அந்தப் பழைய இருப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 2002ல் பஃபலோ டிரேஸ் ஆலையோடு கைகோத்த பிறகு எல்லாம் அங்கேதான் வடிகிறது. கணக்கை நீங்களே போடுங்கள். சமீபத்தில் அடைத்த 20 வருஷ பாட்டில் என்றால், உள்ளே இருப்பது ஸ்டிட்ஸல்-வெல்லர் நின்றுபோய் எத்தனையோ வருஷம் கழித்து வடித்தது.

மட்டமான சரக்கு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதே ஆலையில், அதே கோதுமை முறையில், வெல்லர் என்ற பேரிலும் ஒரு போர்பன் வருகிறது. எத்தனை வருஷம் ஊறியது, எந்தப் பீப்பாயைப் பொறுக்கினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இன்னொன்று. வயது கூடக் கூட நல்லது என்பது ஸ்காட்ச் (ஸ்காட்லாந்து விஸ்கி) குடிப்பவர்கள் போர்பன் பக்கம் கொண்டுவந்த நம்பிக்கை. ஸ்காட்ச் பெரும்பாலும் ஏற்கெனவே ஒருமுறை போர்பனோ ஷெர்ரி ஒயினோ ஊறிய பீப்பாயில்தான் ஊறுகிறது. அதில் மரத்தின் வீரியம் பாதி போயிருக்கும், போதாததற்கு அங்கே குளிர். போர்பனுக்குப் புதுப் பீப்பாய், கென்டக்கி கோடை. 20 வருஷம் அதில் கிடந்தால் கஷாயம் இறங்குகிற மாதிரி மரம் இறங்கிவிடும். 23 வருஷத்தில் நான் குடித்தது எனக்குப் பாதி மேஜையை நக்கிய மாதிரி இருந்தது. 15 வருஷம் தேவலை. நீங்கள் "மரம் இருந்தது" என்று எழுதியிருப்பது சரியான வார்த்தை.

---

கடைசிவரிசை

பித்தன் அண்ணே, நீங்கள் சொன்னதை அப்படியே திருப்பிப் போட்டால் படத்துக்குச் சரியாக வருகிறது. விஸ்கியில் பேர் அப்படியே இருக்கிறது, சரக்கு மாறிவிட்டது. படத்தில் சரக்கு அப்படியே இருக்கிறது, பார்க்கிறவன் மாறிவிட்டான்.

உதாரணத்துக்கு, 1942ல் வந்த கேட் பீப்பிள். ஒரு பெண் ராத்திரி பூங்காச் சுவர் ஓரமாகத் தனியாக நடக்கிறாள். பின்னால் இன்னொரு காலடிச் சத்தம். விளக்குக் கம்பத்தின் வெளிச்சம், இருட்டு, மறுபடி வெளிச்சம். ஒரு கட்டத்தில் பின்னால் வந்த காலடிச் சத்தம் நின்றுவிடுகிறது. இவள் திரும்பிப் பார்க்கிறாள், ஒன்றுமில்லை. நடையை எட்டிப் போடுகிறாள். சட்டென்று சீறல் மாதிரி ஒரு சத்தம், திரைக்குள் ஒரு பஸ் வந்து நிற்கிறது. அவ்வளவுதான், வெறும் பஸ். தயாரிப்பாளர் வால் லியூட்டன் பேரில் அந்த உத்திக்கே 'லியூட்டன் பஸ்' என்று பேர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த பேய்ப் படங்களில் எத்தனை பூனை அலமாரியிலிருந்து குதித்திருக்கிறது, எத்தனை நண்பன் பின்னாலிருந்து தோளில் கை வைத்திருக்கிறான்! எல்லாம் இந்த பஸ்ஸின் பேரப்பிள்ளைகள். பேரனையெல்லாம் பார்த்துவிட்டுத் தாத்தாவிடம் போனால், "இது தெரிந்த விஷயம்தானே" என்று தோன்றத்தான் செய்யும்.

சைக்கோவும் அப்படித்தான். 1960ல் படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் தியேட்டர்களுக்கு நிபந்தனை போட்டார். ஏன்? சுவரொட்டியில் பேர் போட்ட கதாநாயகி பாதிப் படத்துக்குள்ளேயே செத்துப்போகிறாள். தாமதமாக வந்தவன் "அந்த அம்மா எப்போ வருவாங்க" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பான். இன்று அந்தக் குளியலறைக் காட்சியைப் பார்க்காதவர்களுக்கும் கத்தியைப் பிடித்து வயலின் சத்தம் போட்டுக் காட்டத் தெரியும். முடிச்சு அவிழ்ந்த பிறகு கைக்கு வந்த கயிறு அது. கயிற்றைக் குறை சொல்லி என்ன செய்ய.

---

சாம்பல்நரி

> முடிச்சு அவிழ்ந்த பிறகு கைக்கு வந்த கயிறு

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பயப்படுவதற்கு முன்னால் நான் சரித்திரம் படித்துவிட்டு வர வேண்டும் என்றால் அது பயமா, பரீட்சையா? "அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்" என்று சொன்னாலே இந்தக் காலத்துக்கு அது ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரிதானே.

---

நீலாம்பல்

ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவள் என்பதால் குறுக்கே வருகிறேன். கடைசிவரிசை சொல்கிற "சரக்கு அப்படியே இருக்கிறது" என்பதே எனக்குச் சரியாகப் படவில்லை.

நோஸ்ஃபெராட்டு, 1922. பல வருஷங்களாக நிறைய பேர் பார்த்தது வெறும் கறுப்பு வெள்ளைப் பிரதி. அதில் ரத்தக் காட்டேரி சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டப்பகலில் தெருவில் நடந்து போகும். வெயில் பட்டால் அழிந்துபோகிற ஜன்மம் எப்படி வெயிலில் நடக்கிறது என்று கிண்டல் அடித்தவர்கள் உண்டு. விஷயம் என்னவென்றால், அந்தக் காலத்தில் ராத்திரிக் காட்சியைப் பகலில் எடுத்துவிட்டு, பிரதி போடும்போது அந்தச் சுருளுக்கு நீலச் சாயம் ஏற்றுவார்கள். நீலம் என்றால் இரவு. சாயம் போன பிரதியில் இரவும் போய்விட்டது. பிற்பாடு சீரமைத்த பிரதிகளில் நீலம் திரும்பி வந்தது. எது அந்தப் படம்? இத்தனைக்கும் டிராகுலா நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி, அதை அனுமதியில்லாமல் படமாக்கிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டு, பிரதிகளை எல்லாம் அழிக்கச் சொல்லி ஜெர்மன் நீதிமன்றம் தீர்ப்பே கொடுத்தது. தப்பிப் பிழைத்ததைத்தான் நாம் பார்க்கிறோம்.

1931 ஃபிராங்கன்ஸ்டைனில் இன்னும் வேடிக்கை. ஏரிக்கரையில், பிணத் துண்டுகளைச் சேர்த்து உருவாக்கிய அந்த உருவமும் ஒரு சிறுமியும் பூக்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டு விளையாடுகிறார்கள். பூ தீர்ந்துபோகிறது. பூ மாதிரி அவளும் மிதப்பாள் என்று நினைத்து அவளைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. அதைக் காட்டக்கூடாது என்று வெட்டினார்கள். வெட்டிய பிரதியில் அது அவளை நோக்கிக் கை நீட்டுவதோடு காட்சி முடியும். அப்புறம் அப்பன்காரன் பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வருவான். நடுவில் என்ன நடந்தது என்று பார்ப்பவன் என்னவெல்லாம் நினைத்திருப்பான்! வெட்டுப்பட்ட துண்டு 1980களில்தான் படத்தில் மறுபடி சேர்ந்தது. அரை நூற்றாண்டு ஜனங்கள் பயந்தது அந்த வெட்டைப் பார்த்துத்தான்.

நரியிடம் ஒரு கேள்வி. எக்ஸார்சிஸ்ட்டை எதில் பார்த்தீர்கள்? ஒலி எதிலிருந்து வந்தது?

---

சாம்பல்நரி

மடிக்கணினியில். ஸ்பீக்கரும் அதிலேயே இருப்பதுதான். கூடத்தில் ஏழு பேர். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, சீட்டுக்கட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஏன், தப்பா அக்கா?

---

நீலாம்பல்

தப்பு இல்லை தம்பி. ஆனால் அந்தப் படம் வாங்கிய 2 ஆஸ்கரில் ஒன்று ஒலிக்கு. (இன்னொன்று திரைக்கதைக்கு.) மடிக்கணினி ஸ்பீக்கரில் அதன் அடிக்குரல் முழுக்கச் செத்துப்போகும். பிசாசின் குரலைப் பேசியவர் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகை. அந்தக் கரகரப்புக்கு அடியில் ஒரு மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும். அது காதுக்கு எட்டினால்தான் உடம்பு சிலிர்க்கும். எட்டாவிட்டால் ஒரு சின்னப் பெண் பெரிய ஆள் குரலில் திட்டுகிறாள், அவ்வளவுதான். சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

ஹாலோவீன் (1978) எடுத்த ஜான் கார்பென்டர் சொன்ன கதை உண்டு. இசை சேர்க்காத பிரதியை ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டினாராம். அந்த அம்மா கொஞ்சமும் பயப்படவில்லை. அப்புறம் இவரே உட்கார்ந்து ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் அந்தப் பியானோ மெட்டைப் போட்டார். படம் அதேதான். நாலு நாலாக எண்ணிப் பழகின காதுக்கு ஐந்தாவது அடி ஒவ்வொரு தடவையும் இடறும்.

அப்புறம், நீங்கள் எல்லாரும் சிரித்த கழுத்துத் திருப்பலை விடுங்கள். பேயோட்டுவதற்கு ரொம்ப முன்னால், ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணின் கழுத்தில் ஊசி ஏற்றிப் படம் பிடிப்பார்களே, அந்தக் காட்சி நினைவிருக்கிறதா? பிசாசு இல்லை, ஒப்பனை இல்லை. வெள்ளைச் சுவர், பீய்ச்சி அடிக்கிற ரத்தம், டக் டக் என்று இயந்திரம், வேலையைப் பார்த்துக்கொண்டே போகிற டாக்டர்கள். என்னால் இன்றுவரை அதை முழுசாகப் பார்க்க முடிந்ததில்லை. படத்தின் மகிமை அங்கே இருக்கிறது. பச்சை வாந்தி எல்லாம் திருவிழா வாணவேடிக்கை.

---

வெட்டியான்

ஏழு பேர், சீட்டுக்கட்டு, மடிக்கணினி. பிசாசே உள்ளே வரக் கூச்சப்பட்டிருக்கும்.

---

அளவுகோல்

பேரைக் கேட்டு நாக்கு மயங்குவது நிஜம்தான். கால்டெக், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2008ல் ஒரே ஒயினை வேறு வேறு விலை சொல்லிக் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். விலை கூடுதல் என்று சொன்னபோது வாய் மட்டும் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லவில்லை. சுகத்தைப் பதிவு செய்கிற மூளைப் பகுதியும் கூடுதலாக வேலை செய்தது. அதாவது "சூப்பர்டா" என்று சொல்கிற எல்லாரும் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அவர்களுக்கு அப்படித்தான் இருக்கிறது.

நிறமும் ஏமாற்றும். ஸ்காட்ச்சில் கேரமல் சாயம் சேர்க்க அனுமதி உண்டு. கறுத்திருந்தால் முதிர்ந்தது என்று கண் முதலில் தீர்ப்பு எழுதிவிடும், நாக்கு அதில் கையெழுத்துப் போடும்.

நானே ஒரு சோதனை செய்தேன். இரண்டு போர்பன், லாகவூலின் 16 என்ற ஒரு ஸ்காட்ச். தம்பியை ஊற்றச் சொல்லி, கிளாஸ் அடியில் துண்டு டேப்பில் எழுத்து ஒட்டி, நான் அடுத்த அறையில் இருந்தேன். லாகவூலினை மறைக்கவே முடியவில்லை. அறைக்குள் கால் வைத்ததுமே பீட் (சதுப்பு நில மக்கு மண்) எரித்த புகை வாசனை வந்துவிட்டது. சரி, அதைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு போர்பன் மட்டும். முதல் ராத்திரி இரண்டாவது கிளாஸ்தான் உசத்தி என்று எழுதினேன். மறுநாள் தம்பி வரிசையை மாற்றி வைத்திருக்கிறான், எனக்குத் தெரியாது. மறுபடியும் இரண்டாவது கிளாஸ்தான் உசத்தி என்று எழுதியிருக்கிறேன்! மூன்றாம் நாளும் அதே கதை. அப்புறம்தான் புரிந்தது. முதல் வாய்க்கு எதை வைத்தாலும் ஆல்கஹால் எரிச்சல் மட்டும்தான் தெரியும். எரிச்சல் அடங்கிய பிறகு வருவதற்குத்தான் ருசி தெரியும். முதல் கிளாஸ் எப்போதும் தோற்கும்.

இப்போது கணக்கில் சேராத ஒரு கால் வாய் ஏதாவது ஒரு விஸ்கியை முதலில் கொப்பளித்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். அப்படிச் செய்தபோது இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் நிஜமாகவே இருந்தது, நாலு நாளில் மூன்று நாள் ஒன்றையே தேர்ந்தெடுத்தேன். ஆனால் "நல்லதுக்கும் இன்னும் கொஞ்சம் நல்லதுக்கும்" உள்ள வித்தியாசம். "மலைக்கும் மடுவுக்கும்" இல்லை.

---

பீப்பாய்ப்பித்தன்

அளவுகோல் வரிசையைப் பற்றிச் சொன்னதும் ஒன்று உறைத்தது. நரி, அன்றைக்கு பாப்பிக்கு முன்னால் என்ன குடித்தீர்கள்?

---

சாம்பல்நரி

லஃப்ராய்க்.

---

பீப்பாய்ப்பித்தன்

அடப்பாவி.

---

பீப்பாய்ப்பித்தன்

மன்னிக்கவும், கொஞ்சம் சுதாரித்துக்கொண்டு எழுதுகிறேன். லஃப்ராய்க் ஸ்காட்லாந்தின் ஐலா தீவுச் சரக்கு. பீட் மூட்டத்தில் மால்ட்டைக் காயவைப்பதால் டிஞ்சர் வாசனை, ஆஸ்பத்திரி வாசனை. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது இதை மருந்து என்று சொல்லி இறக்குமதி செய்தார்கள், மோந்து பார்த்த அதிகாரி நம்பியிருப்பார். அதைக் குடித்த நாக்கில் கோதுமை போர்பனை வைத்தால், பறை அடித்து முடித்த கையோடு காதில் புல்லாங்குழல் வாசித்த மாதிரி. சோளத்தின் இனிப்பும் மரத்தின் கசப்பும் மட்டும்தான் மிஞ்சும். நீங்கள் எழுதியதும் அதேதான்: "இனிப்பு இருந்தது, மரம் இருந்தது."

மேலே நான் "உங்கள் நாக்கு சரி" என்று கொடுத்த சான்றிதழைப் பாதி திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஸ்டிட்ஸல்-வெல்லர் கதை உண்மைதான், ஆனால் அன்றைக்கு உங்கள் கிளாஸில் தேவாமிர்தமே இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது.

இனி செய்யும்போது மென்மையானது முதலில், புகை கடைசியில். சில சொட்டுத் தண்ணீர் விட்டும் பாருங்கள். ஸ்வீடனில் லினேயஸ் பல்கலைக்கழகத்தில் 2017ல் கணினி மாதிரி போட்டுப் பார்த்தார்கள். புகை வாசனைக்குக் காரணமான குவையகோல் என்ற பொருள், ஆல்கஹால் வீரியம் அதிகமாக இருந்தால் உள்ளேயே சிதறிக் கிடக்கிறது. தண்ணீர் சேர்ந்து வீரியம் இறங்கினால் மேற்பரப்புக்கு வருகிறது. மேலே வந்தால்தானே மூக்குக்குக் கிடைக்கும்.

---

ஒற்றைக்காகம்

அரைகுறையாகப் படித்துவிட்டு எழுதுகிறேன், திட்டாதீர்கள். பிளான்டன்ஸ் மேல் எனக்குக் கோபம். 1984ல் ஒற்றைப் பீப்பாய் போர்பன் என்று முதலில் சந்தைக்கு வந்தது, அந்தப் பெருமை அதற்கு உண்டு. ஆனால் இன்று முக்கால்வாசிப் பேர் தேடுவது மூடிக்காகத்தான். மூடி மேல் ஓடுகிற குதிரை, எட்டு விதமாக. ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து, எட்டும் சேர்த்தால் பேர் முழுசாகும். என் மைத்துனரிடம் ஏழு இருக்கிறது. எட்டாவதுக்காக பாட்டில் மேல் பாட்டில் வாங்குகிறார். ருசி எப்படி என்று கேட்டால் "இன்னும் ஒரு குதிரைதான்" என்கிறார்.

எத்தனைக்கு வாங்கினார் என்று

---

மட்டுறுத்துநர்

ஒற்றைக்காகம், பதிவின் கடைசி வரியை வெட்டியிருக்கிறேன். விலை, எங்கே கிடைக்கும், யார் விற்பார்கள் என்ற பேச்சு இங்கே வேண்டாம், விதி தெரியும். படங்களின் முடிவைப் போட்டு உடைப்பதிலும் கொஞ்சம் கை அடக்கம் தேவை. சைக்கோவுக்கு மன்னித்தாயிற்று.

---

கடைசிவரிசை

கிடைக்காததுதான் ருசி என்பதற்கு ஜப்பான் விஸ்கியை விடப் பெரிய சாட்சி கிடையாது. ஹிபிகி 17ஐ 2003ல் ஒரு படத்தில் விளம்பரக் காட்சியாகவே காட்டினார்கள். யமசாகி ஷெர்ரி பீப்பாய் 2013க்கு, ஒரு பேர் போன விஸ்கி வழிகாட்டி 2015 பதிப்பில் உலகின் முதலிடம் கொடுத்தது. உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. 2018ல் ஹிபிகி 17ஐ நிறுத்துகிறோம் என்று சொல்லிவிட்டார்கள், இருப்பு இல்லை. பித்தன் அண்ணே, இது ஏன் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

---

பீப்பாய்ப்பித்தன்

ஜப்பானில் விஸ்கி குடிப்பது 1980களின் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டு, அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் இறங்கிக்கொண்டே போனது. விற்காததை யார் வடிப்பார்கள்? குறைத்துவிட்டார்கள். உலகம் கதவைத் தட்டியபோது 17 வருஷம் ஊறிய பீப்பாய்க்கு எங்கே போவது? காலத்தைக் கடன் வாங்க முடியாதே. அந்த இடைவெளியில் ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று, வெளிநாட்டு விஸ்கியைக் கொண்டுவந்து கலந்து ஜப்பான் லேபிள் ஒட்டியவர்களும் கிளம்பினார்கள். அப்போது அதைத் தடுக்க விதியே இல்லை. 2021ல்தான் அங்குள்ள தயாரிப்பாளர் சங்கம் தனக்குள் ஒரு வரையறை கொண்டுவந்தது. சங்கத்துக்கு வெளியே இருப்பவரை அது கட்டுப்படுத்தாது.

பேரை மட்டும் குடித்த கதை ஒன்று சொல்கிறேன். 2017ல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் ஒரு ஹோட்டலில் 1878ஆம் வருஷத்து மெக்காலன் ஸ்காட்ச் என்று சொல்லி ஒரு விருந்தாளிக்கு ஒரு கிளாஸ் ஊற்றினார்கள். அவரும் ரசித்துக் குடித்தார். அப்புறம் இணையத்தில் படத்தைப் பார்த்தவர்கள் மூடியும் லேபிளும் இடிக்கிறதே என்று கேட்க, ரேடியோ கார்பன் சோதனை வரை போனது. வடித்தது 1970களின் தொடக்கம், தனி மால்ட்டே (ஒரே ஆலையில் மால்ட்டில் மட்டும் வடித்தது) இல்லை, கலப்பு விஸ்கி. ஹோட்டல்காரர்கள் நேரே போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அது மரியாதை. நான் அடிக்கடி யோசிப்பது அந்த விருந்தாளியைப் பற்றித்தான். குடித்தபோது அவருக்குக் கிடைத்த சந்தோஷத்தை யார் எப்படித் திருப்பி வாங்குவது?

---

நீலாம்பல்

படத்தில் இதற்கு நேர்மாறு நடந்திருக்கிறது. 1982ல் தி திங் என்ற வேற்றுக்கிரக ஜந்துப் படம் வெளியானது. ஈ.டி. வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, அன்பான வேற்றுக்கிரகவாசியைக் கொஞ்சிக்கொண்டிருந்த ஜனங்களுக்கு இது அருவருப்பாக இருந்தது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். என்னியோ மொரிக்கோனேயின் இசையை அந்த வருஷத்து மோசமான இசைக்கான ராஸி என்ற கேலி விருதுப் பட்டியலில் சேர்த்தார்கள். தி ஷைனிங்குக்கும் அதே கௌரவம் உண்டு. மோசமான இயக்குநர் பட்டியலில் கூப்ரிக், மோசமான நடிகை பட்டியலில் ஷெல்லி டுவால். 2022ல் டுவால் பேரை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இன்று "சொன்ன அளவுக்கு இல்லை" என்று நாம் முகம் சுளிக்கிற படங்களில் சில, வந்த அன்றைக்கும் அதே சுளிப்பைப் பார்த்தவைதான்.

நரி, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். 1963ல் ராபர்ட் வைஸ் எடுத்த தி ஹான்டிங். பேய் ஒரு தடவைகூடத் திரையில் வராது. லென்ஸ் தயாரித்தவர்களே இன்னும் சரியாகவில்லை, உருவத்தை வளைக்கும் என்று சொன்ன அகல லென்ஸை, எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கி வந்து எடுத்தார். அதனால் அந்த வீட்டின் சுவர் எதுவும் நேராக நிற்காது. தனியாக, ஹெட்போன் போட்டு, விளக்கை அணைத்து. சீட்டுக்கட்டு கூடாது.

---

அளவுகோல்

நண்பரிடம் பாப்பி மிச்சம் இருந்தால் ஒரு சின்னக் குப்பியில் கேளுங்கள். லஃப்ராய்க்கைப் பூட்டி வையுங்கள். கால் வாய் கொப்பளிப்பை மறக்க வேண்டாம்.

---

சாம்பல்நரி

அறிக்கை.

நண்பனிடம் முதலில் உண்மையைச் சொன்னேன், அன்றைக்கு "சூப்பர்" சொன்னது பொய் என்று. "எனக்கும் அப்படித்தான்டா இருந்தது, நீ சொன்னதால நானும் தலையாட்டினேன்" என்றான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம். சின்னக் குப்பியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தான்.

நேற்று ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தேன். வீட்டில் யாரும் இல்லை. சொன்னபடி வேறு ஒரு போர்பனில் கால் வாய் கொப்பளித்துவிட்டு, இதைக் கிளாஸில் ஊற்றிப் பக்கத்தில் வைத்தேன். முதல் வாய்: அன்றைக்குக் குடித்தது இது இல்லை. மரம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதற்கு முன்னால் முற்றிய பழத்தின் வாசனை மாதிரி ஒன்று வந்து, போகாமல் ரொம்ப நேரம் தொண்டையில் நின்றது. நல்ல விஸ்கி. வருஷக்கணக்கில் அலைய வைக்கிற அளவுக்கா? இல்லை. அதில் மட்டும் இறங்கி வர மாட்டேன்.

படத்தைப் போட்டேன். முதல் அரை மணி நேரம் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், கொட்டாவி வந்தது. அப்புறம் இரண்டு பெண்களும் ஒரே அறையில் இருக்கும்போது வெளியே சுவரை யாரோ தட்ட ஆரம்பிக்கிறார்கள். தூரத்தில் ஒரு அடி, அப்புறம் கொஞ்சம் பக்கத்தில் ஒரு அடி, வரிசையாக ஒவ்வொரு கதவாக வருகிறது. ஹெட்போனில் அது என் தோளுக்குப் பின்னாலிருந்து வந்த மாதிரி இருந்தது. இன்னொரு காட்சியில் கதவு உள்பக்கமாக உப்புகிறது. மரக்கதவு, மூச்சு இழுக்கிற மாதிரி. கை பிடிக்கிற காட்சியைப் பற்றி மட்டுறுத்துநருக்குப் பயந்து எழுதவில்லை.

படம் முடிந்து விளக்கைப் போட்டால், கிளாஸில் ஊற்றியது முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. குடிக்கவே மறந்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் காற்று பட்டதில் வாசனை இன்னும் இளகி இருந்தது. அதன் ருசி எப்படி என்று நாளை எழுதுகிறேன். இப்போதைக்கு யாராவது வந்து அந்த நடைவழி விளக்கை அணைத்துக் கொடுத்தால் தேவலை, நேற்றிலிருந்து எரிகிறது.

---

வெட்டியான்

அணைக்காதீர்கள். இருட்டில் இருந்தால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அதற்கும் தேட வேண்டியிருக்கும், பாவம்.